அரசுத் தரப்பு சிவில் கட்டு (வழக்குக் கோப்பு): ஆக்கிரமிப்பு வழக்கில் முதல் 30 நாளில் என்ன செய்யணும்? (வேலூர்)

குடியாத்தம் ஜூனியர்:
வணக்கம். எட்டு வருஷமா முன்சீப் கோர்ட், சப் கோர்ட் வேலை. எல்லாம் தனியார் கட்சிக்காரர்கள்தான். இப்போ வேலூரில் அரசுத் தரப்பு சிவில் வழக்குகளைப் பார்க்கும் வாய்ப்பு வந்திருக்கு. கையில் வந்திருக்கும் கட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி: வாய்க்கால் புறம்போக்கில் வீடு, "என்னைக் காலி செய்யக்கூடாது" என்று நிரந்தரத் தடை கேட்டு வழக்கு. கலெக்டர், தாசில்தார், மாநகராட்சி ஆணையர் மூவரும் பிரதிவாதிகள். தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு காகிதமும் வந்தபாடில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? குற்றவியல் பக்கமும் நம் தலையில் விழுமா? மேல்முறையீடு செய்யலாமா என்று கருத்துரை கேட்கிறார்கள், அதை எப்படி எழுதுவது?

பழைய கட்டு:
முதலில் சம்மன் தேதியைப் பாருங்க. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 27, விதி 4ன்படி அரசுக்கு வரும் சம்மனை வாங்கும் முகவரே அரசு வழக்கறிஞர்தான். உங்க கிளார்க் கையெழுத்துப் போட்டு வாங்கினாலே சார்வு (முறைப்படி சேர்ப்பித்தல்) ஆனதாகக் காட்டிவிடுவார்கள். தாசில்தாருக்கு அது போய்ச் சேராவிட்டாலும் எதிருரைக்கான (பிரதிவாதியின் எழுத்துப் பதில்) 30 நாள் ஓட ஆரம்பிச்சிடும். நீட்டித்தால் 90 நாள். அதற்கு மேல் மனு, காரணம், செலவுத்தொகை என்று நீதிபதியின் தயவில் நிற்கணும். சம்மன் வாங்கிய அன்றே வழக்குரை (வாதி போட்ட மனு) நகலோடு பாராவாரி குறிப்புரை (ஒவ்வொரு பாராவுக்கும் துறையின் பதில்) கேட்டுக் கடிதம் போகணும். "குறிப்புரை அனுப்பவும்" என்று மொட்டையாக எழுதினால் "மனுதாரர் கூற்று தவறானது" என்று ஒற்றை வரியில் பதில் வரும். இன்ன சர்வே எண்ணுக்கு இன்ன ஆவணம் என்று பெயர் சொல்லிக் கேளுங்க:

- கிராமம் என்றால் 'அ' பதிவேடு (நிலத்தின் வகை, உரிமை), அடங்கல் (சாகுபடி, அனுபவம்), புலப்படம் (சர்வே எண் வரைபடம்). டவுன் என்றால் நகர நில அளவைப் பதிவேடும் பிளாக் வரைபடமும்.
- நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு. எதிர்த்தரப்பு காட்டும் பட்டாவே 80களில் அந்தத் திட்டத்தில் தவறாக ஏறியதாக இருக்கலாம். பழைய பதிவேட்டில் 'வாய்க்கால்' என்று இருப்பதைக் காட்டாமல் அந்தப் பட்டாவை அசைக்க முடியாது.
- ஆக்கிரமிப்பு நோட்டீஸ், அது சார்வான விவரம்.

கடைசியாகச் சொன்னதில்தான் பெரும்பாலான வழக்கு தோற்கிறது. 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் பிரிவு 7 நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, பிறகுதான் பிரிவு 6ல் வெளியேற்ற முடியும். நோட்டீஸ் கொடுத்திருப்பாங்க, ஒப்புதல் கையெழுத்து இருக்காது. வீடு பூட்டியிருந்ததால் கதவில் ஒட்டினோம் என்பாங்க. ஒட்டியதற்கு சாட்சிக் கையெழுத்தோடு மகஜர் (நேரில் நடந்ததை எழுதிய பதிவு) இருக்காது. இடம் புறம்போக்கு என்று நீங்க நிரூபித்தாலும், "சட்டப்படி அல்லாமல் காலி செய்யக்கூடாது" என்ற அளவிலாவது ஒரு தடை எதிர்த்தரப்புக்குக் கிடைச்சிடும்.

ஆவணம் எல்லாம் சான்றிட்ட நகலாக வரட்டும். இணையத்தில் எடுத்த பிரிண்ட் அவுட்டை நம்பி விசாரணைக்குப் போகாதீங்க.

இன்னொன்று, அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 80. அரசுக்கும், அலுவல் முறையில் செய்ததற்காக அரசு அலுவலருக்கும் எதிராக வழக்குப் போட இரண்டு மாத முன்னறிவிப்பு வேணும். அவசரம் என்றால் 80(2)ல் கோர்ட் அனுமதி வாங்கி, நோட்டீஸ் இல்லாமலே போடலாம். ஆனால் அரசுக்கு வாய்ப்புக் கொடுக்காமல் இடைக்கால நிவாரணம்கூடத் தரக்கூடாது. அனுமதி மனு இருக்கிறதா என்று முதல் வாய்தாவிலேயே பார்த்து ஆட்சேபணை எழுப்பணும். விட்டால் விட்டதுதான், பிறகு கேட்டால் விட்டுக்கொடுத்ததாகக் கொள்வாங்க. ஆனா இதை வைத்தே ஜெயிச்சிடலாம் என்று நினைக்க வேண்டாம். வழக்குரையைத் திருப்பிக் கொடுத்தாலும் இரண்டு மாதம் கழித்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வருவார்.

தாசில்தாரை மட்டும் சேர்த்து, மாநில அரசைக் கட்சி சேர்க்காமல் விட்ட வழக்கும் நிறைய வரும். கட்டளை 27, விதி 5ஏ பாருங்க, அலுவலர் மேல் வழக்கு என்றால் அரசையும் கட்சி சேர்க்கணும் என்பது அதில்தான்.

கோட்டை மைதானம்:
மேலே சொன்னதோடு மாநகராட்சி விஷயம். வேலூர் 2008ல் மாநகராட்சி ஆனது. அதற்குத் தனி வழக்கறிஞர் உண்டு. நீங்க அரசுக்கு மெமோ (ஆஜர் குறிப்பு) போட்டு ஆஜராகலாம், அவர் ஆணையர் கையெழுத்திட்ட வக்காலத்து தாக்கல் செய்யணும். பிரிவு 80ல் 'அரசு' என்பதில் மாநகராட்சி என்ற அமைப்பு வராது, அந்த ஆட்சேபணையைக் கலெக்டர், தாசில்தார் சார்பில் எழுப்புங்க.

ஆபத்து எங்கே என்றால், இரண்டு எதிருரையும் ஒன்றோடொன்று மோதும். வருவாய்த்துறை 'வாய்க்கால் புறம்போக்கு' என்று எழுதும். மாநகராட்சி அதே இடத்தை 'சாலை' என்று எழுதும், கூடவே அந்த வீட்டுக்கு வரியும் வசூல் பண்ணியிருக்கும். நிக்கல்சன் கால்வாய் போல ஊருக்குள் ஓடும் கால்வாய் ஓரங்களில் இந்தக் குழப்பத்துக்குப் பஞ்சமே இல்லை. எந்தச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்தது என்பதும் மாறும்: 1905 சட்டமா, 1998 நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமா? தாக்கல் செய்யும் முன் இரண்டு வரைவையும் பக்கத்தில் வைத்துப் படிங்க. வரி ரசீது உரிமை தராது என்பதை எதிருரையிலேயே எழுதிவிடுங்க, வாதத்துக்கு விட்டு வைக்காதீங்க.

பெருமளவில் அகற்றம் நடக்கப்போவது முன்கூட்டியே தெரிந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 148ஏ கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீங்க என்ற முன்மனு) போடச் சொல்லுங்க. யார் வழக்குப் போடுவார் என்று எதிர்பார்க்கிறோமோ அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பணும், ஆக வீட்டு வாரியாகப் பெயர்ப் பட்டியல் வேணும். 90 நாள்தான் செல்லும். நோட்டீஸ் கொடுத்துவிட்டு நாலு மாதம் கழித்து ஜேசிபி கொண்டு போனால் கேவியட் காலாவதி.

கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் கமிஷனர் இடத்தைப் பார்க்கும் ஆய்வுக்கு நீங்களோ ஜூனியரோ பிர்கா சர்வேயரோடு நேரில் போங்க. எந்தக் கல்லிலிருந்து அளக்கணும் என்று மெமோ எழுதிக் கொடுங்க. அறிக்கை வந்த பிறகு ஆட்சேபணை போடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

மாவட்டப் பிரிவினையும் மறக்க வேண்டாம். 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகிவிட்டன. அதற்கு முன் போட்ட வாலாஜா பக்கத்து வழக்கில் வேலூர் கலெக்டர்தான் பிரதிவாதியாக இருப்பார். ராணிப்பேட்டை கலெக்டரைச் சேர்க்கலைன்னா தீர்ப்பை நிறைவேற்றும்போது இரண்டு ஆபீஸும் கட்டை மாற்றி மாற்றித் தள்ளும்.

ஏ.பி.பி. வட்டாரம்:
குற்றவியல் கேட்டிருந்தீங்க. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்பவர் உதவி அரசு வழக்கு நடத்துநர் (ஏ.பி.பி.); டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருபவர், குற்றவியல் கோர்ட்டில் ஐந்து வருஷப் பழக்கம் கேட்பாங்க. செஷன்ஸில் பி.பி.யும் (அரசு குற்றவியல் வழக்கறிஞர்) கூடுதல் பி.பி.யும், அதற்கு ஏழு வருஷம். சிவில் கட்டு பார்ப்பவர் தலையில் தானாக விழாது.

ஒருவேளை ஜாமீன் மனு கைக்கு வந்தால் நாள் கணக்கில் கவனம். பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டம்) 187(3)ல் 60 அல்லது 90 நாள், அதற்குள் குற்றப்பத்திரிகை போடலைன்னா ஜாமீன் உரிமையாகிவிடும். ரிமாண்டு செய்த நாளையும் சேர்த்தே எண்ணணும் என்று 2023ல் உச்ச நீதிமன்ற மூவர் அமர்வு சொல்லியாச்சு. கடைசி நாள் ஞாயிறு என்றால் திங்கட்கிழமை போடலாம் என்ற சலுகை இங்கே கிடையாது. ஒடுகத்தூர், பேர்ணாம்பட்டு பக்கமிருந்து வெள்ளி மாலை குற்றப்பத்திரிகையோடு கிளம்பினால் வியர்வை வழிய ஓட வேண்டியதுதான். 50வது நாளே ஆய்வாளருக்கு நினைவூட்டல் போகணும்.

குடியாத்தம் ஜூனியர்:
நன்றி சார். கருத்துரை பற்றி யாரும் சொல்லலையே?

பழைய கட்டு:
முதல் வரியில் மேல்முறையீட்டுக் கடைசித் தேதி. சப் கோர்ட், மாவட்ட கோர்ட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90. நகல் எடுக்க ஆகும் நாள் கழியும்; ஆனா நகல் மனு போடாமல் இருந்த நாள் கழியாது. அதனால தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு.

அடுத்து, என்னென்ன ஆவணம் பார்த்து எழுதினீங்க என்ற பட்டியல். இது உங்க பாதுகாப்புக்கு. நாளைக்கு ஒரு புதுப் பதிவேடு முளைத்தால் "அப்போ என்னிடம் காட்டலை" என்று சொல்ல முடியணும். பிறகு எந்தப் பிரச்சினையில் எந்தச் சாட்சியத்தைக் கோர்ட் தவறாகப் பார்த்தது என்று இரண்டு பக்கத்துக்குள். மேல்முறையீட்டுக்குத் தகுதி இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்க. "அரசு முடிவு செய்யலாம்" என்று வழுக்கினால் கோப்பு ஒரு வருஷம் மேஜை மேஜையாக அலையும். கோப்பு பல கை மாறியது என்பதை மட்டும் தாமதத்துக்குக் காரணமாக ஏற்க முடியாது என்று 2012ல் லிவிங் மீடியா வழக்கில், 427 நாள் தாமதத்தை மன்னிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்பைக் கையிலேயே வைத்திருப்பார்.

சென்னைக்குப் போகும் கட்டு என்றால் தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேணும். அதற்கான நாளை அந்த 90க்குள்ளேயே கணக்குப் போட்டு, கருத்துரையோடு சேர்த்தே எழுதி அனுப்புங்க.