பத்துத் தோப்புக்கு ஒரு மட்டைத் தூளாக்கி: பங்குக் கருவி ஓட்டிப் பார்த்தவங்க சொல்லுங்க

ஆனைமலைத் தோப்பு

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை மட்டையை அரைச்சுத் தூளாக்கற கருவியைப் பத்துத் தோப்புக்காரங்க சேர்ந்து வாங்கலாம்ங்கற பேச்சு பல ஊர்ல ஓடிட்டு இருக்குதுங்க. முதல்ல கணக்கைப் போட்டுடலாம். 25 அடிக்கு 25 அடி நட்டா ஏக்கருக்கு 70 மரம். மரத்துக்கு மாசம் ஒரு மட்டை விழுகும், அப்ப வருசத்துக்கு 840 மட்டை. அஞ்சு ஏக்கர் தோப்புன்னா 4,200. கருவி மணிக்கு 200 மட்டை அரைக்கும்னு வெச்சுக்கிட்டாலும் 21 மணி நேரத்துல வருச வேலை முடிஞ்சிருது. மீதி நாளெல்லாம் அது சாளையில (தோட்டத்துக் கொட்டகையில) துருப்பிடிச்சு நிக்கும். பத்துத் தோப்பு சேர்ந்தா 210 மணி நேரம் ஓடும். பத்துக் கருவிக்கு உருக்க வேண்டிய இரும்பு ஒண்ணோட நின்னுடும், தோப்புல மட்டையைக் கொளுத்தறதும் நின்னுடும். பங்குக் கருவியால சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு சொல்றதுல இந்த ரெண்டும் உறுதியான லாபம்.

ஆனா அரைச்ச தூளை என்ன பண்றோம்ங்கறதை நெறயப் பேர் கவனிக்கறதில்லை. கருவி ஒரே நாள்தான் இருக்கும்னு எல்லா மட்டையையும் ஒரே இடத்துல அரைச்சு அம்பாரமாக் குவிச்சுட்டுப் போயிடறாங்க. மக்கற குவியல் காண்டாமிருக வண்டு முட்டை வெக்கற இடமுங்க. அடுத்த பருவத்துல அந்தத் தோப்புக் குருத்தும் பக்கத்துத் தோப்புக் குருத்தும் சேர்ந்தே ஓட்டையாகும். அரைச்ச அன்னிக்கே மரத்தைச் சுத்தி 6 அடி ஆரத்துல, 4 அங்குல கனத்துல பரப்பிடணும், தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது. பரப்ப ரெண்டு ஆள் வேணும். அந்தக் கூலியையும் வாடகையோட சேர்த்தே பேசிடுங்க, இல்லைன்னா யாரும் பரப்ப மாட்டாங்க.

மட்டை அரைக்காய்ச்சலா இருக்கோணும். பச்சையா விட்டா நார் சுருண்டு கருவியோட சுழல் தண்டுல சுத்திக்கும். மண்ணு ஒட்டுன மட்டை, ஆணி, கம்பி போச்சுன்னா பிளேடு அன்னிக்கே மொக்கை.

தாராபுரம் ரோடு மெக்கானிக்

பங்குல ஓடற கருவி பட்டறைக்கு வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் உழைப்பு இல்லீங்க. கை மாறும்போது யாரும் பாக்காம விடறதுதான்.

டிராக்டர்ல மாட்டி மண்ணைக் கிளறி உழற ரோட்டவேட்டரை எடுத்துக்கோங்க. 6 அடிக் கருவியில 42 பிளேடு, பிளேடுக்கு ரெண்டு போல்ட்டு, ஆக 84. ஒரு போல்ட்டு லூசாகி ஒரு பிளேடு விழுந்தா ஆட்டம் வரும். அந்த ஆட்டத்தோட இன்னும் ரெண்டு தோட்டம் ஓட்டுனா பேரிங் போயிரும். புதுசா மாட்டறப்ப சுருள் வரிசை தப்பக் கூடாது, தப்புனாலும் அதே ஆட்டம்தான். நம்ம பக்கம் இன்னொரு தொல்லை, சொட்டுநீர்க் குழாய்த் துண்டும் மல்ச்சிங் ஷீட்டும். ரெண்டும் ரோட்டர் ஓரத்துல இறுக்கிச் சுத்தி ஆயில் சீலை அறுத்துடும். ஆயில் ஒழுகறது வெளிய தெரியாது, மண்ணு குடிச்சுக்கும். தெரியறப்ப பேரிங்கும் சேர்ந்து போயிருக்கும். அதனால தோட்டத்தை விட்டுக் கருவி கிளம்பறதுக்கு முன்னால கத்தியை வெச்சு ஓரத்தை அறுத்துச் சுத்தம் பண்ணி, போல்ட்டு எல்லாம் ஒரு சுத்து ஸ்பேனர் போட்டு, கியர்பாக்ஸ் ஆயில் மட்டம் பாத்துத்தான் அடுத்தவங்களுக்குக் குடுக்கணும். 20 நிமிசம் ஆகும். குடுக்கறவரும் வாங்கறவரும் கூடவே நிக்கணும், அதுதான் முக்கியம்.

கழுவாம அனுப்பாதீங்க. கோரைக் கிழங்கும் அருகம்புல் வேரும் மண்ணாங்கட்டியோட ஒட்டிப் போயி புதுக் காட்டுல முளைச்சுக்கும். மஞ்சக்காட்டுல கிழங்கழுகல் இருந்தா அந்த மண்ணே நோயைக் கொண்டுபோகும். பம்பு செட்டுக்கிட்டயே நிறுத்தி அடிச்சு விட்டுருங்க.

வாடகைத் தகராறு வர்ற இடம் மணிமீட்டர். பழைய டிராக்டர்ல இருக்கறது கடிகாரம் இல்லீங்க, இன்ஜின் சுத்தைத்தான் எண்ணுது. நிமிசத்துக்கு 1,800 சுத்துன்னு அளவு வெச்ச மீட்டரு, வண்டி 1,200ல ஓடுனா ஒரு மணி நேரத்துக்கு 40 நிமிசம்தான் காட்டும். மீட்டர்ல காசா, கைக்கடிகாரத்துல காசான்னு முதல் நாளே எழுதி வெச்சுக்கோங்க.

உடுமலை அம்மணி

மட்டைத் தூளாக்கி வந்த ஊர்ல யாருக்கு நட்டம்ங்கறதையும் சொல்லியாகணும். தோப்புல விழுகற மட்டையை இதுவரைக்கும் கூலிக்கு வர்ற பொம்பளைங்கதான் எடுத்துட்டுப் போவாங்க. அடிமட்டை அடுப்புக்கு, ஈர்க்கு சீமாத்துக்கு, ஓலை கீத்துப் பின்ன. அது எழுதாத ஒரு பங்கு. கருவி வாங்கற பத்துப் பேர் கூட்டத்துல அவங்க இருக்க மாட்டாங்க, அந்தப் பங்கு சத்தமில்லாமப் போயிரும். அடுப்புக்கு வெறகு இல்லாத ஊட்டுல சிலிண்டரோ, வெலைக்கு வாங்கற வெறகோதான் வழி. நாலு மரத்துக்கு ஒரு மரத்து மட்டையை அரைக்காம அவங்களுக்கு விடறோம்னு தீர்மானத்துலயே எழுதுங்க. பரப்பற வேலைக்கும் அவங்களையே கூப்பிடுங்க. பகிர்ந்துக்கறது நிலம் இருக்கறவங்களுக்குள்ள மட்டும் சுத்துனா அதை ஊருக்கு நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு. டிராக்டர்ல இருந்து கருவியைச் சுத்த வெக்கற பிடிஓ தண்டு நிமிசத்துக்கு 540 சுத்துன்னா நொடிக்கு 9 தடவை. சேலை முந்தானை, துண்டு, வேட்டி எது சிக்குனாலும் கையெடுக்க நேரம் இருக்காது. மூடி இல்லாத தண்டோட கருவி வந்தா திருப்பி அனுப்பிச்சுடுங்க, எத்தனை அவசரமா இருந்தாலும்.

மொடக்குறிச்சி மஞ்சக்காடு

எல்லாத்தையும் பங்கு போட முடியாது. எல்லாருக்கும் ஒரே வாரத்துல வேணும்ங்கற கருவியில பங்கு திணறும். மஞ்சள் வேகவெக்கற ஸ்டீம் பாய்லர் அப்படித்தான். தையில இருந்து பங்குனி வரைக்கும் எல்லாக் காட்டுலயும் வெட்டு, பாய்லர் ஒண்ணு. ஆளு கிடைச்சதுன்னு வெட்டிக் குவிச்சுட்டு பாய்லருக்குக் காத்திருப்பாங்க. வெட்டுன கிழங்கை ரெண்டு மூணு நாளுக்குள்ள வேகவெக்கணும், குவியல்ல சூடேறுனா நிறம் போகும்.

தாள் காஞ்ச பின்னால மண்ணுக்குள்ள ஒரு வாரம் பத்து நாள் கூட இருந்தா மஞ்சள் கெடாதுங்க, தண்ணியை மட்டும் நிறுத்தி வெச்சிருக்கணும். அதனால பாய்லர் முறை எந்தத் தேதியோ, அதுக்கு முந்தின நாளுதான் வெட்டு. நடவு முடிஞ்ச கையோட சீட்டுக் குலுக்கி முறையைப் பிரிச்சுட்டா கூலியாளுக்கும் நாள் சொல்லிடலாம். கிழங்கையும் விரலியையும் தனித்தனியா வேகவெக்கணும். ஈர்க்குச்சி தடையில்லாம உள்ள இறங்குச்சுன்னா பதம். அடுத்தவங்க காத்திருக்காங்கன்னு அவசரத்துல முன்னாடியே இறக்கிடறது பங்குப் பாய்லர்ல நடக்கற பெரிய தப்பு. வேகாத விரலி காயறப்ப உடையும், பாலீஷ் ஏறாது.

திருப்பூர் சாயத்தண்ணி

தோட்டத்துக் கதை இல்லை, ஆனா பங்கோட பாடம் ஒண்ணுதான். 2011ல சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுல சாயப்பட்டறைங்க மூடப்பட்டது எல்லாருக்கும் தெரியும். ஒரு சொட்டுச் சாயத்தண்ணியும் நொய்யல் ஆத்துல விடக்கூடாதுன்னா சின்னப் பட்டறை தனியா ஆர்ஓ, ஆவியாக்கி எல்லாம் போட முடியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல பங்கு எடுத்துத்தான் ஓட்ட முடியும். பங்கு நாளைக்கு இத்தனை ஆயிரம் லிட்டர்னு எழுதியிருக்கும், பட்டறை வாசல்ல ஃப்ளோ மீட்டர். ஆனா அளவு மட்டும் பாத்தாப் போதாது. எல்லாரும் சோடியம் சல்பேட் போட்டுச் சாயம் ஏத்துனா அந்த உப்பைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தலாம். நடுவுல ஒருத்தர் விலை குறைவுன்னு சாப்பாட்டு உப்பைக் கொட்டுனா கலப்பு உப்பாகி எடுத்த உப்பு யாருக்கும் உதவாம மூட்டையில தேங்கும். என்ன போடறோம்ங்கறதையும் பங்கு ஒப்பந்தத்துல எழுதோணும். மெக்கானிக் சொன்ன மண்ணும் கோரையும் இதேதான்.

கோபி கணக்கு

வெறும் ஓட்டத்தைப் பத்தி யாரும் பேசலை. ரோட்டவேட்டர் ஓட்ட மணிக்கு 6 லிட்டர் டீசல்னு வெச்சுக்குவோம். அரை ஏக்கருக்கு அரை மணி, 3 லிட்டர். அந்த வண்டி 10 கிலோமீட்டர் வந்து 10 கிலோமீட்டர் திரும்பிப் போக ஒரு மணி நேரம், சுமார் 4 லிட்டர். உழுததை விட ரோட்டுல எரிஞ்சது அதிகம். லிட்டருக்கு 2.7 கிலோ கரியமில வாயு. அதே தடத்துல அஞ்சு தோட்டத்தை வரிசையா முடிச்சா ஆளுக்கு 800 மில்லிதான். ‘உழவன்’ செயலியில வேளாண்மைப் பொறியியல் துறை வண்டியை முன்பதிவு செஞ்சாலும் இதே கணக்குத்தான், பக்கத்துத் தோட்டத்துக்காரங்க கிட்டப் பேசி ஒரே நாள்ல பதியுங்க.

கருவி நிதிக்கு ஒரு உதாரணம். 3 லட்சம் ரூபாய்க் கருவி, வருசம் 210 மணி, பத்து வருசம்னா மணிக்கு 143 ரூபாய், போட்ட முதலோட தேய்மானம் மட்டும். நூறு மணிதான் ஓடுதுன்னா 300. பிளேடு, பெல்ட்டு, ஆயில், டிரைவர் எல்லாம் இதுக்கு மேல. நெறயக் குழு முதல் வருசம் டீசலும் டிரைவரும் மட்டும் பிரிச்சுக்கறாங்க. மூணாவது வருசம் கியர்பாக்ஸ் போகுது, யாரும் காசு எடுக்கறதில்லை, கருவி ஒருத்தர் சாளையோட நின்னுடுது. வாடகையில இருந்து தேய்மானத்தைத் தனி வங்கிக் கணக்குல, ரெண்டு பேர் கையெழுத்துல போட்டாகணும்.

ஆனைமலைத் தோப்பு

அண்ணா, வரிசையை யார்கிட்ட இருந்து ஆரம்பிக்கறது? முதல் தோப்புக்காரருக்குத்தான் கூர் பிளேடு கிடைக்குது, கடைசி ஆளுக்கு மொக்கை.

கோபி கணக்கு

கீழ்பவானி வாய்க்கால்ல 2,07,000 ஏக்கர் பாசனத்தை ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகுன்னு பிரிச்சு ஒரு போகத்துக்கு 1,03,500 ஏக்கரா முறை மாத்தி விடறாங்கள்ல, அதே மாதிரிங்க. இந்த வருசம் கிழக்கால இருந்து ஆரம்பிச்சா அடுத்த வருசம் மேக்கால இருந்து. பிளேடு தீட்டறது அஞ்சாவது தோப்பு முடிஞ்ச அன்னிக்குப் பொழுதோட, செலவு பொதுக் கணக்குல. நோட்டுல தேதி, மணி, யார் குடுத்தது, யார் வாங்குனது, என்ன பழுதுன்னு அஞ்சு கட்டம். நோட்டு கருவியோடவே பிளாஸ்டிக் கவர்ல தொங்கட்டும்.