தேரியில் உதயமும் அந்தியும் பார்க்க மேடு சொல்லுங்க
அண்ணாச்சிமாரே, ஒரு உதவி. பாளையங்கோட்டையிலிருந்து அம்மாவைக் திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் காடான குதிரைமொழித் தேரிக்குக் கூட்டிப் போகணும். செம்மணல் மேட்டில் உட்கார்ந்து சூரியன் உதிப்பதையும் அடைவதையும் பார்க்க ஆசைப்படுகிறார்கள். மூட்டுவலி, மணலில் ஐம்பதடி நடந்தாலே பெரிசு.

போன தடவை கற்குவேல் அய்யனார் கோவில் பக்கம் ஏறினோம். கணுக்கால் வரை புதைந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி பாதியிலேயே திரும்பிவிட்டோம். வீட்டில் வந்து உதறினால் குங்குமம் கொட்டியது போல மண். மணலில் இருக்கிற இரும்பு செய்யும் வேலை அது.

தார் ரோட்டை ஒட்டி, பனையும் கொல்லாமரமும் (முந்திரி) மறைக்காத மேடு எங்கே இருக்கு? ரெண்டும் ஒரே இடத்தில் அமையாவிட்டால், உதயத்தைத் திருச்செந்தூர்க் கடலில் பார்த்துவிட்டு அந்திக்கு மட்டும் தேரிக்கு வருகிறோம். காயாமொழிக்காரர்கள் யாராவது சொல்லுங்களேன்.