கேரியர் மோடில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றும் மாறாத மாதிரி இருக்கிறது, என்ன செய்யலாம்?

வலதுகால்காரன்:
பிளேஸ்டேஷன் 5, இஏ எஃப்சி 25 கால்பந்து கேம், பிளேயர் கேரியர் (ஒரே வீரனாக அவன் வாழ்க்கையை ஆடும் மோடு). 17 வயது சென்ட்ரல் மிட்ஃபீல்டர் ஒருவனை உருவாக்கி, இங்கிலாந்தின் நான்காம் அடுக்கான லீக் டூவில் பிராட்ஃபோர்ட் சிட்டியில் சேர்த்துவிட்டேன். முதல் சில மாதம் அருமை. பெஞ்சில் உட்கார்ந்திருந்து கடைசி இருபது நிமிடத்துக்கு இறங்குவது, மேனேஜர் ரேட்டிங் சரிந்தால் மறுபடி பெஞ்சு, இதெல்லாம் நிஜமாகவே பதற்றமாக இருந்தது. இரண்டாவது சீசனில் பையன் அணியிலேயே பெரிய ஆள் ஆகிவிட்டான், அதோடு சுவாரசியம் போய்விட்டது. மேவரிக், வர்ச்சுவோசோ, ஹார்ட்பீட் என்று மூன்று குணங்களுக்குப் புள்ளி ஏறுகிறது இல்லையா, சம்பளத்தில் எதை வாங்குவது, எதில் முதலீடு போடுவது என்று கேட்கும்போது, இவன் எப்படிப்பட்ட ஆள் என்று நான் யோசிப்பதே இல்லை, எந்தப் பட்டை ஏறும் என்று மட்டும் பார்த்து அமுக்குகிறேன். செட்டிங்ஸில் ஏதாவது மாற்றினால் சரியாகுமா, இல்லை கதை உள்ள வேறு கேமுக்குப் போகலாமா?

ஆஃப்சைட்_அம்பி:
முதலில் செட்டிங்ஸ். ரேடார் (யார் எங்கே என்று காட்டும் குட்டி வரைபடம்), ஸ்கோர்-நேரம், வீரர் தலைக்கு மேல் வரும் பெயர், குறி எல்லாவற்றையும் அணைத்துவிடு. கேமராவை உன் வீரன் பின்னாலேயே வரும் புரோவுக்கு மாற்று. முதல் இரண்டு மேட்ச் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும். நேரம் திரையில் தெரியாமல் ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்றிப் பார், எப்போது விசில் அடிப்பான் என்று கையே வேர்க்கும்.

அடுத்தது வளர்ச்சி. திறமையை ஏற்றும் ஸ்கில் பாயின்ட் வந்ததும் செலவழிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சேர்த்து வைத்துக்கொண்டு சீசன் முடிவில் கொஞ்சமாகப் போடு. 18 வயதுப் பையன் லீக் டூவில் எல்லாரையும் தாண்டி ஓடுகிறான் என்றால் அங்கேயே நம்பகத்தன்மை செத்துவிடுகிறது, அதற்குமேல் எந்த டயலாக் வந்தாலும் காப்பாற்றாது. டிஃபிகல்ட்டியையும் ஒரு படி ஏற்றிவிடு. ஆட்டோசேவ் ஆன், தோற்றால் பழைய சேவுக்கு ஓடாமல் இருக்க.

பழைய_பிஎஸ்2:
செட்டிங்ஸ் பாதிதான் தம்பி. கதை உள்ள கேமுக்குப் போகலாமா என்று கேட்டாய், அதற்கு முன் ஒன்று சொல்கிறேன். 2016இல் ஃபிஃபா 17இல் (எஃப்சிக்கு அப்போது ஃபிஃபா என்றுதான் பெயர்) 'தி ஜர்னி' என்ற கதை மோடு வந்தது, நாயகன் அலெக்ஸ் ஹன்டர். பேட்டியில் கூலாகப் பேசலாம், சூடாகப் பேசலாம், நடுவாகப் பேசலாம். சூடாகப் பேசினால் ரசிகர் கூட்டம் ஏறும், அடக்கமாகப் பேசினால் மேனேஜருக்குப் பிடிக்கும். அவ்வளவுதான். நீ எவ்வளவு நன்றாக ஆடினாலும் சீசன் நடுவில் உன்னை இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப் கிளப் ஒன்றுக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, அனுப்பியே தீருவார்கள். ஹாட்ரிக் அடித்துவிட்டு வந்தவனை வெளியே அனுப்பும்போது எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே...

அதற்கு முந்தைய வருடம் என்பிஏ 2கே16, கூடைப்பந்து கேம். ஸ்பைக் லீ இயக்கிய கதை. நீ என்ன பெயர் வைத்தாலும் எல்லாரும் உன்னை 'ஃப்ரீக்' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தை எப்படிச் செதுக்கியிருந்தாலும் அதே அப்பா அம்மா, அதே இரட்டைத் தங்கை. எந்தக் கல்லூரிக்குப் போவது என்பதை நீ தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கதை தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். படம் எடுத்துவிட்டு நடுவில் பந்தை உன் கையில் கொடுத்த மாதிரி.

உன் பிராட்ஃபோர்ட் பையன் கதை எவ்வளவோ மேல், அதை எழுதுவது நீதான். உனக்குக் குறைவது டயலாக் இல்லை, இழப்பு. ஒன்றை எடுத்தால் இன்னொன்று நிரந்தரமாகக் கையை விட்டுப் போக வேண்டும். அந்த மூன்று பட்டையிலும் எதுவும் கையை விட்டுப் போவதில்லை, அதனால்தான் உனக்கு ஒட்டவில்லை.

கட்சீன்_ரசிகை:
லோன் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் அண்ணா. எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான். நியூகாசில், ஆஸ்டன் வில்லா, நார்விச் மூன்றில் ஒன்றை நாமே எடுத்துக்கொண்டு, கீழே போய் ஆடிவிட்டுத் திரும்பி வருவது. சாதாரண கேரியரில் யாரும் தானாகக் கீழே போக மாட்டார்கள், நான் உட்பட. கதை கையைப் பிடித்துத் தள்ளினால்தான் அந்த அனுபவம் கிடைக்கும். தள்ளும் நேரம் நம் ஆட்டத்தைப் பொறுத்து இருந்திருக்கலாம், அது மட்டும் குறை. கேள்வி கேட்டவர் பழைய டிஸ்க் எங்காவது கிடைத்தால் ஒரு முறை ஆடிப் பார்க்கலாம், தப்பில்லை.

பழைய_பிஎஸ்2:
நேரம் சரியில்லை என்று நீயே சொல்லிவிட்டாய் அம்மா, நான் சொன்னதும் அதேதான். :)

டச்லைன்_தாத்தா:
வேறு கேம் கேட்டதால் சொல்கிறேன். அணியை நிர்வகிக்கும் ஃபுட்பால் மேனேஜர் கேமில் பெரிய கட்சீன் (படம் மாதிரி ஓடும் கதைக் காட்சி) எதுவும் கிடையாது, பெரும்பாலும் எழுத்துதான். ஆனால் ஒரு வீரனிடம் 'நல்ல ஆஃபர் வந்தால் விடுகிறேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு விடாமல் இருந்து பார். அவன் முகம் கோணுவதோடு நிற்காது, அவனுக்கு வேண்டியவர்களும் டிரெஸ்ஸிங் ரூமில் எதிராகத் திரும்புவார்கள், அணியே கலகலத்துவிடும். கார் பந்தய கேமான எஃப்1 2018இல் ரேஸ் முடிந்ததும் கிளேர் என்ற நிருபர் மைக்கோடு வருவார், பதில் சொல்ல நேரக் கெடு வேறு. கோபத்தில் சேசிஸை (காரின் உடற்கட்டு) குறை சொன்னால் அந்தத் துறை ஆட்களின் உற்சாகம் இறங்கும், அது காரை மேம்படுத்தும் வேலையில் தெரியும். வாய் கொழுப்புக்கு விலை உண்டு.

பேஸ்பால் புரியும் என்றால் எம்எல்பி தி ஷோ 25. அதன் கேரியர் மோடான ரோடு டு தி ஷோவில் பள்ளியிலிருந்து தொடங்கி, கல்லூரிக்குப் போவதா, நேராகத் தொழில்முறைக்குப் போவதா என்று நீதான் முடிவெடுக்க வேண்டும். போனால் போனதுதான், அந்த வயது திரும்பி வராது.

வலதுகால்காரன்:
பேஸ்பால் எனக்குச் சுத்தமாகப் புரியாது, மன்னிக்கவும். இழப்பு பற்றிச் சொன்னது உறைக்கிறது. ஆனால் எஃப்சிக்குள் அதை எப்படிக் கொண்டுவருவது? கேம் அதற்கு இடமே கொடுக்கவில்லையே.

பழைய_பிஎஸ்2:
நீயே சட்டம் போட்டுக்கொள். என்னுடையது இப்படி: சீசன் தொடங்கும் முன் மூன்றில் ஒரு குணத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். ஹார்ட்பீட் என்றால் ஃப்ரீ கிக் கிடைத்தாலும் அடிக்க மாட்டேன், பாஸ்தான். ஏஜென்ட் பட்டியலில் கனவு கிளப் என்று பெரிய பெயரை வைக்க மாட்டேன், ஒரு படி மேலே உள்ள கிளப் ஒன்றை மட்டும் வைப்பேன். ஒரே டிரான்ஸ்ஃபர் விண்டோவில் (கிளப் மாறும் காலம்) இரண்டு ஆஃபர் வந்தால் நாணயம் சுண்டிப் போடுவேன், விழுந்த பக்கம் போயே ஆக வேண்டும். தொடர்ந்து மேட்ச் ரேட்டிங் மோசமானால் நானே லோன் கேட்டுப் போய்விடுவேன், அந்த ஆப்ஷன் கேமிலேயே இருக்கிறது.

ஒருமுறை நாணயம் என்னைப் போர்ச்சுகலுக்கு அனுப்பியது. பாதி வீரர்களின் பெயர்கூடத் தெரியாது, ஒவ்வொருவராகத் தேடிப் படித்தேன். அந்த சேவ் ஃபைலைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆஃப்சைட்_அம்பி:
நாணயம் பிரமாதம். ஃபிஃபா 22இலிருந்து ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்புகளும் உள்ளே வந்துவிட்டன, சென்னையின் எஃப்சியில் தொடங்கி ஐரோப்பா வரை போகும் பையன் ஒருவன் என்னிடம் இருக்கிறான். அவனுக்கும் இந்தச் சட்டத்தைப் போடப் போகிறேன்.

வலதுகால்காரன்:
நேற்று இரவு ரேடாரை அணைத்து, புரோ கேமராவில் ஆடினேன். பின்னால் ஆள் வருவது தெரியாமல் பந்தைப் பறிகொடுத்துக்கொண்டே இருந்தேன், மேனேஜர் ரேட்டிங் சரசரவென்று இறங்கிவிட்டது. ஸ்கில் பாயின்ட்டையும் நிறுத்திவிட்டேன். இப்போது ஒரு சந்தேகம்: பயிற்சி டிரில்களையும் நானே ஆட வேண்டுமா? அதுதான் உயிரை எடுக்கிறது.

ஆஃப்சைட்_அம்பி:
வேண்டாம். ஒவ்வொரு டிரில்லிலும் ஒருமுறை நல்ல கிரேடு எடுத்துவிடு, அதன்பின் சிமுலேட் கொடுத்தால் அந்தக் கிரேடே வரும். பந்து வாங்கும் முன் வலது ஸ்டிக்கைத் தொடாதே, முதலில் உடம்பைத் திருப்பி நின்று வாங்கப் பழகு, பறிகொடுப்பது குறையும்.