துல்லியக் கருவிப் பராமரிப்பு: எந்த டிப்ளமோவில் சேர்ப்பது?

சாட்ஸ்வர்த்_அம்மா:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறோம். மகன் கிரேடு 12 படிக்கிறான். ஜூன் தேர்வில் கணக்கு 58, ஃபிசிக்கல் சயின்ஸ் 54. அளவுக் கருவிகள், சி.என்.சி. (கணினி கட்டுப்படுத்தும்) மெஷின்கள் இவற்றைப் பழுதுபார்க்கும் வேலையில்தான் ஆர்வம். மூன்று வழி தெரிகிறது: தொழில்நுட்பப் பல்கலையில் மூன்று வருட டிப்ளமோ, டிவெட் (அரசுத் தொழிற்பயிற்சி) கல்லூரியில் என்4 முதல் என்6 வரையான தொழில்நுட்பப் படிப்பு, அல்லது ஒரு தனியார் கல்லூரி ஆன்லைனில் நடத்தும் 'அசோசியேட் டிகிரி'. கடைசியில் சொன்னது சீக்கிரம் முடியும் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேஜ்பிளாக்:
அக்கா, அந்த அசோசியேட் டிகிரியைக் கையில் எடுக்கும் முன் ஒரு விஷயம். அப்படி ஒரு தகுதி அமெரிக்காவில் உண்டு, நம் நாட்டின் உயர்கல்வித் தகுதி வரிசையில் இல்லை. இங்கே இருப்பவை ஹையர் சர்டிஃபிகேட் (தேசியத் தகுதி வரிசையான என்.கியூ.எஃப்.-இல் நிலை 5, 120 கிரெடிட்), டிப்ளமோ (என்.கியூ.எஃப். 6, வழக்கமாக 360 கிரெடிட்). ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு, ஆக டிப்ளமோவுக்கு 3600 மணி. அதைச் சில மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்றால் எதையோ விட்டுவிடுகிறார்கள், பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்பைத்தான்.

கல்லூரியிடம் சாக்வா (நாட்டின் தகுதிகளைப் பதிவுசெய்யும் அமைப்பு) ஐ.டி. எண்ணைக் கேளுங்கள். சாக்வா இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிலை, கிரெடிட் இவற்றோடு இரண்டு தேதிகளும் வரும்: சேர்வதற்குக் கடைசி நாள், முடிப்பதற்குக் கடைசி நாள். காலாவதியாகப் போகும் பழைய பாடத்திட்டத்தில் பையனைச் சேர்த்துவிட்டால், ஒரு பாடம் தங்கினாலும் சிக்கல். எண் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பல்கலை டிப்ளமோ என்றால் எக்சா (நாட்டின் எஞ்சினியரிங் கவுன்சில்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் புரொஃபஷனல் எஞ்சினியரிங் டெக்னீஷியன் ஆக அதுதான் வாசல். டெக்னீஷியன் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் டப்ளின் உடன்படிக்கையில் தென்னாப்பிரிக்கா இருப்பதால் வெளிநாட்டிலும் அதற்கு மதிப்பு உண்டு. மகனின் மதிப்பெண் இரண்டும் லெவல் 4-இல் (50–59) வருகிறது. பல எஞ்சினியரிங் டிப்ளமோக்கள் கேட்பதும் அந்த அளவுதான். இறுதித் தேர்வில் சயின்ஸ் 50-க்குக் கீழே சரியாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

மில்ரைட்_மெர்பேங்க்:
மேலே அண்ணன் சொன்னது காகிதப் பக்கம். நான் ஒர்க்‌ஷாப் பக்கம் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் கல்லூரியின் தரம் அங்கேதான் தெரியும். ஓப்பன் டே அன்று மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அளவு அறையில் வெப்பமானி இருக்கிறதா, 20 டிகிரியில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நீள அளவுக்கெல்லாம் உலகம் முழுக்க அதுதான் அடிப்படை வெப்பநிலை. 100 மி.மீ. எஃகு கேஜ் பிளாக் (அளவு சரிபார்க்கும் கட்டை) 30 டிகிரியில் சுமார் 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீண்டுவிடும், அலுமினியம் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டர்பன் கோடையில் ஜன்னலைத் திறந்துவைத்து மைக்ரான் அளவு சொல்லிக்கொடுத்தால் அது பாடமே இல்லை. பிளாக்குகளில் துரு, கைரேகைத் தடம் இருந்தால் யாரும் துடைத்து எண்ணெய் பூசி வைப்பதில்லை என்று அர்த்தம். நம் ஊர் ஈரக் காற்றில் அந்தப் பழக்கம் இல்லாமல் முடியாது. காலிபரேஷன் (கருவியின் அளவைச் சரிபார்த்த) சர்டிஃபிகேட்டையும் கேளுங்கள். சானாஸ் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற லேப் கொடுத்ததாக, அளவோடு அன்சர்ட்டென்ட்டியும் (அந்த அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதும்) எழுதியதாக இருக்க வேண்டும்.

அடுத்து, பாடம் நடத்துபவரிடம் இதைக் கேளுங்கள்: "சி.என்.சி. மேசையில் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) வந்தால் மாணவர் என்ன செய்வார்?" கன்ட்ரோலரில் காம்பென்சேஷன் (தளர்வை ஈடுகட்டும்) எண்ணை மாற்றுவார் என்று மட்டும் பதில் வந்தால் போதாது. டயல் கேஜை மேசையில் வைத்து, ஒரு பக்கமாக நகர்த்தித் தளர்வை எடுத்து, பூஜ்ஜியமாக்கி, எதிர்ப்பக்கம் 0.1 மி.மீ. நகரச் சொல்லி, எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு பால் ஸ்க்ரூவின் (மேசையை நகர்த்தும் திருகுத் தண்டின்) முனைக் குழியில் ஒரு சிறு எஃகுக் குண்டை கிரீஸில் ஒட்டி, அதன்மேல் டயலை வைத்து மேசையை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். முனை அச்சுவாக்கில் அசைந்தால் சப்போர்ட் பேரிங் தளர்ந்திருக்கிறது. முனை அசையாமல் மேசை மட்டும் பின்தங்கினால் ஸ்க்ரூவின் மேல் ஓடும் நட் தேய்ந்திருக்கலாம். இதைப் பார்க்காமல் எண்ணை மாற்றினால் பேரிங் கோளாறு மறைந்துபோய், பிறகு ஸ்க்ரூவையே கெடுத்துவிடும்.

இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவுக் கருவிகள்) பிரிவு என்றால், 0–1000 கே.பி.ஏ. பிரஷர் டிரான்ஸ்மிட்டரை (அழுத்தத்தை அளந்து மின்னோட்டமாக அனுப்பும் கருவியை) மாணவர் கையால் சோதிக்க வேண்டும். 0, 250, 500, 750, 1000 கொடுத்தால் 4, 8, 12, 16, 20 மில்லியாம்ப் வர வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் குறித்தால்தான் ஹிஸ்டரிசிஸ் (ஒரே அழுத்தத்துக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் வித்தியாசம்) தெரியும். முக்கியமாக, எதையும் திருகும் முன் வந்த நிலையிலேயே அளவை எழுதவேண்டும். முதலில் ஸீரோவைத் திருகிவிட்டால், அந்தக் கருவி இத்தனை நாள் எவ்வளவு தவறாகக் காட்டியது என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஹார்ட் கம்யூனிகேட்டர் (டிரான்ஸ்மிட்டரோடு அதே கம்பி வழியே பேசும் கைக்கருவி) பேசவில்லை என்றால், லூப்பில் (அந்த மின்சுற்றில்) 250 ஓம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட வேண்டாம்.

சாட்ஸ்வர்த்_அம்மா:
மிக்க நன்றி தம்பி, இதை அப்படியே எழுதிக்கொண்டு போகிறேன். டிவெட் பக்கம் எப்படி? செலவு குறைவு என்பதால் கேட்கிறேன்.

கேஜ்பிளாக்:
தெக்வினி, கோஸ்டல் போன்ற அரசுக் கல்லூரிகளில் எஞ்சினியரிங் டிரைமெஸ்டர் முறை (வருடத்துக்கு மூன்று பருவம்), நிலைக்கு நான்கு பாடம். தடங்கல் இல்லாமல் போனால் என்4 முதல் என்6 வரை ஒரு வருடம். ஆனால் அது பெரும்பாலும் ஏட்டுப் படிப்பு. நேஷனல் டிப்ளமோ கைக்கு வர, அதன்பின் 24 மாத (2670 மணி) வேலை அனுபவம் காட்ட வேண்டும். பிள்ளைகள் நிற்பது இந்த இடத்தில்தான். அதனால் என்4 தொடங்கும்போதே இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிஷியன் (அளவுக் கருவி பழுதுபார்ப்பவர்) அல்லது மில்ரைட் (ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்) அப்ரென்டிஸ் இடத்துக்கு விண்ணப்பிக்கட்டும். அப்படி டிரேட் டெஸ்ட் முடித்தால் ரெட் சீல் (தேர்ந்த தொழிலாளர் என்ற தேசியச் சான்றிதழ்) கிடைக்கும். பராமரிப்பு வேலைக்கு, அனுபவம் இல்லாத என்6-ஐவிட அதையே நான் மேலாக நினைக்கிறேன்.

பல்கலை டிப்ளமோவிலும் வேலையிடப் பயிற்சி பாடத்தின் பகுதியாக இருந்தால், இடம் தேடுவது யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். இடம் கிடைக்காவிட்டால், எல்லாப் பாடமும் பாஸ் செய்தும் சான்றிதழ் நின்றுபோகும்.

செலவைப் பொறுத்தவரை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் நிஸ்ஃபாஸ் (அரசின் மாணவர் நிதித் திட்டம்) உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அரசுப் பல்கலைக்கும் டிவெட்டுக்கும் மட்டும்தான், தனியார் கல்லூரிக்குக் கிடையாது.

மில்ரைட்_மெர்பேங்க்:
ஒன்று விட்டுப்போச்சு. டி.யு.டி. (டர்பன் தொழில்நுட்பப் பல்கலை), மங்கோசுத்து தொழில்நுட்பப் பல்கலை இரண்டுக்கும் சி.ஏ.ஓ. (மைய விண்ணப்ப அலுவலகம்) வழியாகத்தான் விண்ணப்பம், வழக்கமாக செப்டம்பர் 30-க்குள். டிவெட்டுக்குக் கல்லூரியிலேயே நேரடியாகப் போட வேண்டும். இரண்டையும் போட்டுவையுங்கள் அக்கா, ஒன்றைப் போட்டால் மற்றது ரத்தாகாது.