பாயிண்ட் இருக்கட்டும், பாரத்தை டிரான்சிஸ்டர் தாங்கட்டும்

பழைய காரில் காயிலுக்குப் போகும் கரண்ட்டை வெட்டி, பிளக்கில் பொறி வரவைக்கும் சுவிட்ச்தான் பாயிண்ட். அதற்குத் துணையாக டிரான்சிஸ்டர் பெட்டி வைத்த மூன்று பேர் எழுதியது இது.

மதுரை – அம்பாசிடர் மார்க் 4

அப்பா ஓட்டிய வண்டி. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு முறைவைத்துப் பொறியை அனுப்பும் பாகம், பாயிண்ட் இருப்பதும் இதற்குள்தான்). போன ஐப்பசி மழையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் ஏறும்போது, வத்தலக்குண்டு தாண்டியதுமே மிஸ்ஸிங் (இடையிடையே பொறி தவறுவது) ஆரம்பித்தது. டம்டம் பாறைக்கிட்ட வரும்போது இரண்டாவது கியரில்கூட இழுக்கவில்லை. சைலன்சரில் வெடிச் சத்தம்.

ஓரங்கட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி டார்ச் அடித்தேன். பாயிண்ட்டின் ஒரு முகத்தில் கடுகு ஒட்டியது போல ஒரு மேடு. எதிர் முகத்தில் அதே அளவுக்குக் குழி. சுற்றிலும் நீலம் பாரித்துக் கிடந்தது. புது பாயிண்ட் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. மேடு வந்த பாயிண்ட்டில் ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நம்பக் கூடாது. கேஜ் மேட்டில் முட்டி நின்றுவிடும். உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். எமரி தேய்த்து, கையிலிருந்த பழைய கண்டன்சரை மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது. புதுசாக வாங்கிப் போட்ட கண்டன்சர்தான் செத்திருந்தது.

ஊர் திரும்பியதும் டிரான்சிஸ்டர் பெட்டி வைத்தேன். பாயிண்ட்டைத் தூக்கி எறியவில்லை, அதன் வேலையை மட்டும் குறைத்தேன். சாதாரணமாகக் காயிலுக்கு (பேட்டரி கரண்ட்டைப் பொறிக்கு வேண்டிய பெரிய வோல்ட்டாக மாற்றும் சுருள்) போகும் மூன்று நான்கு ஆம்பியரையும் பாயிண்ட்தான் வெட்டி வெட்டி விடுகிறது. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 முறை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காயிலின் முதல் சுற்றில் (பிரைமரி) எகிறும் இருநூறு, முந்நூறு வோல்ட் அந்த இடுக்கில் தீப்பொறியாகப் பாயப் பார்க்கும். அதை அடக்கத்தான் கண்டன்சர். பெட்டி வைத்த பிறகு அந்தக் கனமான கரண்ட்டை டிரான்சிஸ்டர் வெட்டுகிறது. பாயிண்ட் 'இப்போ' என்று சைகை காட்டினால் போதும், கால் ஆம்பியர்தான் அதன் வழியே போகும்.

ஏழாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. பாயிண்ட் முகம் இன்னும் மழமழவென்று இருக்கிறது. ஆனால் பாயிண்ட்டைத் திறந்துவிடும் கேமில் (சுழலும் முனைத்தண்டு) உரசும் அதன் பைபர் குதிகால் தேயத்தான் செய்யும். அது தேய்ந்தால் இடைவெளி குறையும், பொறி வரும் நேரம் (டைமிங்) பின்தங்கும். அதனால் கேமில் கிரீஸை ஒரு பூச்சாகத் தடவி, 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பதினைந்து தௌ (ஒரு இன்ச்சை ஆயிரமாகப் பிரித்ததில் பதினைந்து பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர், இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

எனக்குப் பெரிய நிம்மதி வேறு. பெட்டி பழுதானால் இரண்டு வயரை மாற்றி, ஓரமாகக் கட்டி வைத்திருக்கும் கண்டன்சரைச் சேர்த்தால் பழையபடி பாயிண்ட்டிலேயே வீடு வந்து சேரலாம். மலையில் ராத்திரி நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

யாழ்ப்பாணம் – மொறிஸ் மைனர், 1958

அண்ணை, வயரைத் தொட முதல் ஒரு விசயத்தைப் பாருங்கோ எண்டு மற்ற ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ. எங்கடை கார் பொசிற்றிவ் எர்த். பற்றறியின்ரை நேர்முனைதான் பொடியோடை பூட்டியிருக்கு. நான் வாங்கினது நெகற்றிவ் எர்த் காருக்கான பெட்டி. எல்லாம் பூட்டி சாவியைத் திருப்பினவுடனை மெல்லிய புகை, எரிஞ்ச மணம், அவ்வளவுதான். காசும் போச்சு, ஒரு கிழமை காரும் நிண்டது. பிறகு பொசிற்றிவ் எர்த்துக்கெண்டே செய்த பெட்டி எடுப்பிச்சுப் போட்டன். இப்ப காலமை குளிருக்கையும் ஒரே சுத்தோடை பிடிக்குது.

கோயம்புத்தூர் – பிரீமியர் பத்மினி

மதுரை அண்ணாவுக்கு ஒண்ணு சொல்லணுங்க. எனக்கும் இதே மாதிரி பெட்டிதான். நாலு மாசம் ஷெட்டில் நின்ற வண்டி ஸ்டார்ட்டே ஆகலை. பெட்டி போச்சுன்னு நினைச்சு வயரை மாத்தப் போனேன். பாயிண்ட்டைப் பார்த்தால் சுத்தமாத்தான் தெரிஞ்சுது. ஒரு விசிட்டிங் கார்டைப் பெட்ரோலில் நனைச்சு முகத்துக்கு நடுவில் ரெண்டு இழு இழுத்தேன். கார்டில் மங்கலா ஒரு கறுப்புக் கோடு. உடனே ஸ்டார்ட் ஆயிருச்சுங்க. பழைய முறையில் பாயிண்ட்டில் வர்ற பொறியே முகத்தில் படியற இந்த அழுக்குப் படலத்தை எரிச்சிரும். இப்போ கரண்ட் கம்மிங்கறதால அது அப்படியே நின்னுடுது. வண்டி ரொம்ப நாள் நிக்கறதா இருந்தா டேஷ்போர்டில் ஒரு கார்டு போட்டு வைங்க.