முட்டுக்காட்டில் கயாக் பழகும் பிள்ளைகளுக்கு உதவி வேண்டும்

வணக்கம். எங்கள் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேருக்கு முட்டுக்காடு கழிமுகத்தில் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) பழக்குகிறோம். துடுப்புப் போடுவதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். என் கவலை லைஃப் ஜாக்கெட்தான். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால், ஒல்லிப் பிள்ளைகளுக்கு அது காதுவரை ஏறிவிடுகிறது. தண்ணீரில் விழுந்தால் கழன்றே போகும்! 30 கிலோவுக்குள் உள்ளவர்களுக்கான, தொடையிடுக்கில் பட்டை வைத்த ஜாக்கெட் நாலைந்து இரவல் கிடைக்குமா?

இன்னொன்று: கவிழ்ந்தால் படகை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள், திரும்ப ஏறத்தான் திணறுகிறார்கள். நீரில் காலை உதைத்து, வயிறு படகின்மேல் படிய ஏறும் முறையைப் பழக்கிய அனுபவமுள்ளவர்கள் ஒரு சனிக்கிழமை காலை வர முடியுமா? நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரம் பக்கம் இழுக்கும் என்பதால், நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் பிள்ளைகளை இறக்குகிறோம். தேதியை அதற்கேற்ப முடிவு செய்துகொள்ளலாம்.