திபெத்தியத்திலிருந்து சமஸ்கிருத மூலத்தை மீட்டு எழுதலாமா?

காரிகைப்பித்தன்:

மணிமேகலைத் தர்க்கம் பற்றிய இழையில் ‘பாடபேதம்’ என்ற பெயரில் எழுதும் நண்பர் போகிறபோக்கில் ஒன்று சொன்னார்: “திபெத்தியத்திலிருந்து திருப்பி எழுதிய சமஸ்கிருதம் வெறும் பயிற்சி, நூல் ஆகாது. அதை அச்சிடுவதையே நிறுத்த வேண்டும்.” எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த இழையைக் கெடுக்காமல் தனியாகப் பேசுவோம்.

பௌத்தத் தர்க்க ஆசிரியர் திக்நாகரின் பிரமாணசமுச்சயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமஸ்கிருத மூலம் முழுதாக நம் கையில் இல்லை. திபெத்தியத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. ஒன்று வசுதரரக்ஷிதர் செய்தது, மற்றது கனகவர்மன் செய்தது. இருவருக்கும் திபெத்தியத் துணைவர்கள் உண்டு. ஆனால் இந்திய தர்க்கத்தில் நியாயக்காரர் உத்யோதகரரும் மீமாம்சைக்காரர் குமாரிலரும் வரிந்து கட்டிக்கொண்டு மோதுவது இந்த நூலோடுதான். நியாயமோ மீமாம்சையோ ஆழமாகப் படித்த ஒருவர், எதிர்க்கட்சிக்காரர் என்ன சொன்னார் என்று அவருடைய மொழியிலேயே பார்க்க ஆசைப்பட்டால் திபெத்தியம் கற்றுவிட்டு வா என்று திருப்பி அனுப்புவதா? மைசூரில் எச்.ஆர். ரங்கசாமி ஐயங்கார் 1930இல் முதல் அத்தியாயத்தை மீட்டு வெளியிட்டது இதற்காகத்தான். ஐயாசாமி சாஸ்திரி மீட்டு அடையாறு நூலகம் வெளியிட்ட, திக்நாகரின் ஆலம்பனபரீக்ஷையும் (1942) இதே நோக்கத்தில் வந்ததுதான். சாரநாத்தின் திபெத்தியக் கல்வி நிறுவனத்தில் இந்த வேலைக்கென்றே ஒரு துறை இயங்குகிறது.

இது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலையும் அல்ல. முதலில் திபெத்திய பாடத்தை ஒப்பிட்டு நிலைப்படுத்த வேண்டும். பிறகு மற்ற நூல்களில் சிதறிக் கிடக்கும் சமஸ்கிருத மேற்கோள்களைத் திரட்ட வேண்டும். அப்புறம்தான் அகராதி. 814இல் அரசாணையோடு திபெத்தில் மொழிபெயர்ப்புச் சொற்கள் வரையறுக்கப்பட்டன. அந்தக் காலத்துச் சமஸ்கிருத-திபெத்தியச் சொற்பட்டியலான மகாவ்யுத்பத்தியில் ஏறத்தாழ 9,500 சொற்பதிவுகள் உள்ளன. நேகி தொகுத்த திபெத்திய-சமஸ்கிருத அகராதி 16 தொகுதி. முன்னொட்டுகளுக்குக்கூடக் கணக்கு உண்டு: ‘வி’ என்றால் நம்பர், ‘ப்ர’ என்றால் ரப்து, ‘அனு’ என்றால் ஜேசு, ‘உப’ என்றால் ஞேவர். இவ்வளவு ஒழுங்காகப் பெயர்க்கப்பட்ட மொழியிலிருந்து திரும்பி வர முடியாது என்றால் வேறு எந்த மொழியிலிருந்து முடியும்?

(திபெத்தியச் சொற்களை உச்சரிப்பில் தருகிறேன். எழுத்துக்கூட்டல் வேறு, அது பின்னால் முக்கியமாகலாம்.)

பாடபேதம்:

நண்பரே, சொற்களுக்குத்தான் ஒழுங்கு உண்டு, வாக்கியத்துக்கு இல்லை. மூலம் நம் கையில் இருக்கும் ஒரு செய்யுளை வைத்துச் சோதித்துப் பார்ப்போம். நாகார்ஜுனரின் மூலமத்யமககாரிகை, முதல் அத்தியாயத்தின் முதல் காரிகை:

ந ஸ்வதோ நாபி பரதோ ந த்வாப்யாம் நாப்யஹேதுத: |
உத்பன்னா ஜாது வித்யந்தே பாவா: க்வசன கேசன ||

திபெத்தியம்:

தக்லெ மாயின் ஷென்லெ மின்
ஞீலெ மாயின் கியுமே மின்
ஙோபோ கங்தக் கங்ந யங்
கேவா நம்யங் யோமா யின்

அனுஷ்டுப்பு என்னும் இந்தச் சமஸ்கிருத யாப்புக்கு 8 அசை வீதம் நான்கு பாதம், மொத்தம் 32. திபெத்தியத்தில் 7 வீதம் 28. அந்த நான்கு அசைக் குறைவில் என்ன போயிற்று என்று பாருங்கள். முதல் மூன்று மறுப்பிலும் ஐந்தாம் வேற்றுமைக்கான ‘லெ’ இருக்கிறது. நான்காவதான ‘கியுமே’யில் இல்லை. ‘அஹேதுத:’ என்பதன் ‘-த:’ அங்கே உதிர்ந்துவிட்டது. அடுத்து ‘உத்பன்னா:’. இது ‘பாவா:’ என்பதோடு பால், எண், வேற்றுமை மூன்றிலும் இயைந்த எச்சச் சொல்: ‘தோன்றியனவாகிய பொருள்கள் இல்லை’. திபெத்தியத்தின் ‘கேவா’வோ வெறும் ‘தோன்றுதல்’. மூலத்தைப் பார்க்காதவர் அதை ‘உத்பாத:’ என்றோ ‘ஜாதி:’ என்றோதான் மீட்பார். அப்போது ‘பொருள்களுக்குத் தோன்றுதல் இல்லை’ என்று ஆகிவிடும். கருத்து ஏறக்குறைய ஒன்று என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் இருப்பது பொருளா நிகழ்வா என்று ஒவ்வொரு வேற்றுமையையும் எண்ணி வாதிடும் நூலில் ‘ஏறக்குறைய’ போதாது. ‘ஙோபோ’வும் ‘பாவ’மாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ‘வஸ்து’வாகவும் இருக்கலாம்.

நான்கே அடியில் மூன்று இடம் சறுக்குகிறது. இதுவே மூலம் கிடைக்காத நூலாக இருந்தால் மீட்டவர் எழுதிய ‘உத்பாத:’ அச்சாகும், சொல்லடைவில் ஏறும், அதைக் கொண்டு இன்னொருவர் கட்டுரை எழுதுவார்.

காரிகைப்பித்தன்:

தனிச் செய்யுளை உரை இல்லாமல் மீட்கும் ஆளைக் காட்டி ஒரு துறையையே தள்ளுபடி செய்கிறீர்கள். இந்தக் காரிகை சந்திரகீர்த்தியின் பிரசன்னபதா உரைக்குள் கிடைக்கிறது. அவர் சொல் சொல்லாகப் பிரித்து உரை சொல்கிறார். அப்படியொரு உரையின் திபெத்தியப் பெயர்ப்பு இருந்தாலே ‘கேவா’ எச்சமா தொழிற்பெயரா என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். உரைநடையில் அசைக் கட்டுப்பாடு கிடையாது. உதிர்ந்த ‘லெ’யும் ‘நம்பர்’ போன்ற முன்னொட்டுகளும் அங்கே திரும்பி வந்துவிடும்.

மேற்கோள்களின் பலத்துக்கும் ஒரு சான்று. காட்சி (ப்ரத்யக்ஷம்) என்பதற்குத் திக்நாகர் சொல்லும் இலக்கணம் திபெத்தியத்தில் ‘தோக்பா தங் டல்வா’, கற்பனை நீங்கியது. ‘டல்வா’வை மட்டும் வைத்துக்கொண்டால் ரஹிதம், வியுக்தம் என எது வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் உத்யோதகரர் மறுப்பதற்காக அதே சொற்களை எடுத்து வைத்தார்: ‘ப்ரத்யக்ஷம் கல்பனாபோடம்’. ஆகவே ‘அபோட’ உறுதி. எதிரி காப்பாற்றிக் கொடுத்த சொல்! இப்படி உறுதிப்பட்ட துண்டுகளைச் சேர்த்து, நடுவில் உள்ள இடைவெளியைத் திபெத்தியத்தால் நிரப்புகிறோம். முனி ஜம்பூவிஜயர் சமண நூல் பதிப்புகளின் பின்னிணைப்பில் திக்நாகரின் பகுதிகளை இப்படித்தான் மீட்டுக் கொடுத்தார். 2005இல் ஸ்டைன்கெல்னர் பிரமாணசமுச்சயத்தின் முதல் அத்தியாயம் முழுவதையும் கொடுத்தார்.

பாடபேதம்:

2005ஐ நீங்களே எடுத்ததில் மகிழ்ச்சி. அந்த ஆண்டு என்ன நடந்தது? திபெத்தில் காக்கப்பட்ட சுவடியிலிருந்து பிரமாணசமுச்சயத்துக்கு ஜினேந்திரபுத்தி எழுதிய விசாலாமலவதி உரை, சமஸ்கிருதத்திலேயே, முதல் அத்தியாய அளவுக்குப் பதிப்பாயிற்று. உரைகாரர் மூலச் சொற்களை ‘இதி’ போட்டு எடுத்து எடுத்து விளக்குகிறார். அந்தச் சொற்களைக் கொண்டுதான் மீட்டமைப்பு நடந்தது. திபெத்தியப் பெயர்ப்புகள் அங்கே துணை மட்டும். அப்படியிருந்தும் தலைப்பிலேயே ‘கருதுகோள் மீட்டமைப்பு’ என்று போட்டுக்கொண்டார்கள். உங்கள் கட்சிக்கு அது எப்படிச் சான்றாகும்?

உரை இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறீர்கள். தர்மகீர்த்தியின் நியாயபிந்துவைப் பாருங்கள், இரு மொழியிலும் உள்ள நூல். ஏதுவின் (அனுமானத்துக்குக் காட்டும் காரணத்தின்) மூன்று இயல்பு: ‘அனுமேயே ஸத்த்வமேவ, ஸபக்ஷ ஏவ ஸத்த்வம், அஸபக்ஷே சாஸத்த்வமேவ’. இங்கே உயிர்நாடி ‘ஏவ’ (தமிழின் ‘-ஏ’ போல உறுதிப்படுத்தும் சொல்) நிற்கும் இடம். ‘ஸபக்ஷ ஏவ’ என்றால் சபக்கத்தில், அதாவது நிறுவ வேண்டிய தன்மை உள்ள ஒத்த இடங்களில், மட்டுமே ஏது இருக்கும், எல்லாச் சபக்கத்திலும் இருக்க வேண்டியதில்லை. ‘ஏவ’ ஒரு சொல் தள்ளி ‘ஸத்த்வமேவ’ ஆனால் எல்லாச் சபக்கத்திலும் இருந்தே ஆக வேண்டும். சில சபக்கங்களில் மட்டும் காணப்படும் நல்ல ஏதுகூட அப்போது போலியாகிவிடும். திபெத்தியத்தில் இதற்கு வரும் சொல் ‘ஞீ’. அதே ‘ஞீ’ சமஸ்கிருத ‘-த்வம்’, ‘-தா’ விகுதிகளுக்கும் வரும். ‘யோபா ஞீ’ என்பது ‘ஸத்த்வமேவ’வா, வெறும் ‘ஸத்த்வம்’தானா? திபெத்தியத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. உரைகாரர் தர்மோத்தரர் ஒவ்வொரு ‘ஏவ’வுக்கும் தனியாக விளக்கம் எழுதியதால் தப்பித்தோம்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. செய்யுளாக மீட்பவர் யாப்பை நிரப்ப ச, ஹி, து, ஏவ என்று அசைநிலை போடுவார். அந்த ‘ஏவ’ தர்க்க நூலுக்குள் நுழைந்தால் அது அசைநிலையாக நிற்காது, கோட்பாடாகிவிடும்.

பலகையச்சு:

இருவரும் ‘திபெத்தியம் இப்படிச் சொல்கிறது’ என்று ஒருமையில் பேசுகிறீர்கள். எந்தத் திபெத்தியம்?

தெங்யூருக்கு (இந்த நூல்களின் திபெத்தியப் பெயர்ப்புகள் அடங்கிய பெருந்தொகுப்பு) வழக்கமாக ஐந்து பதிப்புகளை ஒப்பிடுவார்கள்: தெர்கே, சோனே, பீக்கிங், நார்தாங், பொன்னெழுத்துச் சுவடி. பார்த்தால் ஐந்து சாட்சி. ஆனால் சோனே தெர்கேயைப் பின்பற்றியது. பீக்கிங், நார்தாங், பொன்னெழுத்து மூன்றும் ஒரே குடும்பம். உண்மையில் இரண்டு சாட்சிதான். ‘மூன்றுக்கு இரண்டு’ என்று வாக்கெடுப்பு நடத்திப் பாடம் தேர்வது தவறு.

எழுத்துக்கூட்டல் முக்கியமாகும் என்று காரிகைப்பித்தன் முதலிலேயே சொன்னார். ‘தோக்பா’ என்று ஒலிக்கும் சொல் இரண்டு உண்டு. ஒன்று கற்பனை, மனம் கட்டும் எண்ணம். அதன் அசைக்கடைசியில் ஒரு ‘ஸ’ சேர்ந்தால் உணர்தல், மெய்ப்பொருளை அறிதல். அந்த ‘ஸ’ ஒலிப்பதே இல்லை. கற்பனை நீங்கியதே காட்சி என்னும் நூலில் ஒரு ‘ஸ’ கூடிவிட்டால் ‘உணர்தல் நீங்கியதே காட்சி’ என்று ஆகிவிடும்! ‘தக்பா’வும் அப்படித்தான். நித்தியம், ஆராய்ச்சி, ஏற்றிச்சொன்னது எல்லாம் காதுக்கு ஒன்றுதான். வாசிக்கக் கேட்டோ மனத்துக்குள் சொல்லிக்கொண்டோ படியெடுப்பவர் கை இங்கேதான் தவறும். பலகை அச்சில் வேறு ‘ப’வும் ‘ப³’வும் தேய்ந்துபோனால் பிரித்தறிவது கடினம். மீட்பவர் ஒரே பதிப்பின் படத்தை இணையத்தில் திறந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் அச்சுப்பிழையையும் சேர்த்து சமஸ்கிருதமாக்குவார்.

என் பெரிய மனக்குறை வேறு. திபெத்தியத்தை மூலத்துக்குப் போகும் ஏணியாக மட்டுமே பார்க்கிறீர்கள். சாந்திதேவரின் போதிசர்யாவதாரத்துக்கு சமஸ்கிருதச் சுவடிகள் உள்ளன: 10 அத்தியாயம், 913 செய்யுள். துன்ஹுவாங் குகையில் கிடைத்த பழைய திபெத்தியப் பெயர்ப்பில் 9 அத்தியாயம், ஏறத்தாழ 702 செய்யுள், ஆசிரியர் பெயர் அக்ஷயமதி. சமஸ்கிருதச் சுவடிகள் காட்டாத ஒரு முந்தைய வடிவத்தை இங்கே திபெத்தியம் காட்டுகிறது. மூலமொழியில் இருக்கிறது என்பதாலேயே ஒரு சுவடி மூத்ததாகிவிடாது.

காரிகைப்பித்தன்:

சாட்சிக் கணக்கையும் துன்ஹுவாங்கையும் ஏற்கிறேன். ‘ஏவ’ விஷயத்தில் பாடபேதம் சொன்னதும் சரி; யாப்புக்காக ‘ஏவ’ போடுவது மன்னிக்க முடியாதது. ஆனால் அதற்குத் தீர்வு வேலையை நிறுத்துவது அல்ல. மேற்கோளில் கிடைத்த சொல் நேர் எழுத்தில், உரையிலிருந்து ஊகித்தது சாய்வெழுத்தில், திபெத்தியத்திலிருந்து மட்டும் வந்தது நட்சத்திரக் குறியோடு. செய்யுளைச் செய்யுளாகக் கட்டாமல் உரைநடையாகவே விட்டுவிடலாம்.

புதுமாணவி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இரண்டு ஆண்டு சமஸ்கிருதம் தெரியும், திபெத்தியம் இப்போதுதான் எழுத்துக்கூட்டுகிறேன். இந்தச் சிக்கல்களைக் கையால் செய்து பார்க்க எந்த நூலில் தொடங்கலாம்?

பலகையச்சு:

தங்கச்சி, பௌத்தத் தர்க்கத்தின் தொடக்க நூலான நியாயப்பிரவேசத்தில் தொடங்குங்கள். சின்ன நூல், உரைநடை, யாப்புத் தொல்லை இல்லை. சமஸ்கிருதம் அச்சில் உண்டு. தெங்யூரில் இரண்டு பெயர்ப்பு: ஒன்று சமஸ்கிருதத்திலிருந்து நேராக வந்தது, மற்றது சீனம் வழியாக வந்தது. ஒரே வாக்கியம் இரண்டு வழியில் போனால் என்னென்ன மாறும் என்று கண்ணால் பார்க்கலாம். தமிழருக்குக் கூடுதலாக ஒரு துணையும் இருக்கிறது: மணிமேகலையின் 29ஆம் காதை. வாதத்தின் பிழைவகைகள் பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 என்று அதே கணக்கில், பெரும்பாலும் அதே எடுத்துக்காட்டுகளோடு வருகிறது.

செய்யும் முறை: திபெத்தியத்தில் ஒரு பத்தி எடுத்து, சமஸ்கிருதத்தைப் பார்க்காமல் திருப்பி எழுதுங்கள். பிறகு மூலத்தோடு வைத்து, தவறுகளை வகை பிரித்துக் குறியுங்கள்: சொல்தேர்வு, வேற்றுமை, தொகைச்சொல், அசைநிலை. தொகைச்சொல்லில்தான் அதிகம் விழும். சமஸ்கிருதம் ஒட்டி எழுதியதைத் திபெத்தியம் வேற்றுமை உருபு போட்டுப் பிரித்திருக்கும். நீங்கள் பிரித்தபடியே எழுதிவிடுவீர்கள். நியாயபிந்துவுக்குப் போகும்போது ஓபர்மில்லரின் இருமொழிச் சொல்லடைவு துணைக்கு இருக்கும்.

பாடபேதம்:

இந்தப் பயிற்சியை முழு மனதோடு வழிமொழிகிறேன். பயிற்சியாகச் செய்யுங்கள் என்றுதான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

காரிகைப்பித்தனின் மூன்று வகைக் குறியில் எனக்குள்ள சிக்கல் ஒன்றுதான்: குறி பதிப்பில் இருக்கும், மேற்கோள் காட்டுபவர் கையில் உதிர்ந்துவிடும். நட்சத்திரம் இல்லாமல் அந்தச் சொல் அகராதிக்குள் போன பிறகு யாரும் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே தொடர்ச்சியான சமஸ்கிருத வாசகமாகவே அச்சிட வேண்டாம். திபெத்திய பாடம் மேலே, கிடைத்த சமஸ்கிருதத் துண்டுகள் கீழே, ஊகங்கள் அடிக்குறிப்பில்.

காரிகைப்பித்தன்:

அப்படி அச்சிட்டால் நியாயம் படித்த பண்டிதர் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார். அவருக்காகத்தானே இந்தப் பாடு! துண்டுகளுக்கு நடுவே ஓடும் வாதத்தை அவர் வாக்கியமாகப் படித்தாக வேண்டும்.

ஊகமாகப் பேசுவதைவிட அளந்து பார்க்கலாம். சந்திரகீர்த்தியின் மத்யமகாவதாரம் ஆறாம் அத்தியாயத்தை ஐயாசாமி சாஸ்திரி 1929க்கும் 1933க்கும் இடையில் சென்னையின் ஓரியண்டல் ரிசர்ச் இதழில் திபெத்தியத்திலிருந்து மீட்டு வெளியிட்டார். அதன் சமஸ்கிருதக் காரிகைகள், 226 செய்யுள், சுவடியிலிருந்து 2015இல் லி ஷுவேசுவின் பதிப்பாக வந்துவிட்டன. முதல் 20 செய்யுளை இரண்டு பத்தியாக எதிரெதிரே தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன். பிரசன்னபதாவில் மேற்கோளாக முன்பே கிடைத்த அடிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவற்றைத் தனியாகக் குறிக்கிறேன். வகை பிரித்து எண்ணுவது பாடபேதத்தின் பொறுப்பு.

பாடபேதம்:

எண்ணுகிறேன். சொல்தேர்வு மாறியதையும் வாதம் மாறியதையும் ஒரே எண்ணிக்கையில் போட மாட்டேன், இரண்டு பட்டியலாகத் தருகிறேன். தெர்கே, பீக்கிங் இரண்டு பாடத்தையும் பலகையச்சு பக்கத்தில் வைத்துக்கொடுத்தால் மீட்டவர் பிழை எது, பலகையின் பிழை எது என்றும் தெரிந்துவிடும்.